வண்டை வரவழைக்கும் மலர்கள்

தமிழில் வண்டு என்ற ஒரே சொல் இரு வேறு பூச்சிக் கூட்டங்களைக் குறிப்பதால், அந்தச் சொல்லை முதலில் பிரித்துக்கொள்வது நல்லது. பட்ட மரத்திலும் வீட்டு உத்தரத்திலும் துளையிட்டுக் குடியிருந்து, பூவைச் சுற்றி ரீங்காரமிடும் கருவண்டு உண்மையில் தேனீயின் உறவு. பழைய இலக்கியத்தில் மலர்தோறும் முரலும் வண்டும் தும்பியும் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே. பொன்வண்டு, பொறிவண்டு, கூன்வண்டு, தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு ஆகியவை வேறு. இவற்றின் முன்னிறக்கைகள் கெட்டிப்பட்டு ஓடு போல முதுகை மூடியிருக்க, பறக்கும் நேரத்தில் மட்டும் அந்த ஓடு விலகி உள்ளே மடிந்திருக்கும் மெல்லிய பின்னிறக்கைகள் விரியும். இந்த இயலில் வண்டு என்பது ஓட்டிறக்கை கொண்ட இந்த இரண்டாவது கூட்டத்தை மட்டுமே குறிக்கும்.

இதுவரை பெயரிடப்பட்ட வண்டினங்கள் ஏறத்தாழ 4 லட்சம். விலங்குலகில் இவ்வளவு பெரிய வரிசை வேறில்லை. ஆயினும் மகரந்தச் சேர்க்கை பற்றிய பேச்சு தேனீயில் தொடங்கித் தேனீயிலேயே முடிந்துவிடுகிறது. வண்டைப் பற்றிப் பேச்செடுத்தால் அது பயிர்ப் பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்க வேண்டிய மருந்தின் பெயரில் போய் முடிகிறது. சீத்தா, ஜாதிக்காய், எண்ணெய்ப்பனை ஆகியவற்றை வளர்ப்போருக்கு இந்தப் பாராமுகம் நேரடி நட்டம். பூ நிறைய இருந்தும் காய் பிடிக்காத தோட்டத்தில் தேன்கூட்டுப் பெட்டிகளைக் கொண்டுபோய் வைப்பதற்கு முன், அந்தப் பூ யாரை அழைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வண்டின் தேவையும் பூவின் கட்டமைப்பும்

தேனீக்கும் பட்டாம்பூச்சிக்கும் உறிஞ்சும் நீண்ட நாவு உண்டு. வண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இருப்பது மெல்லும் தாடை. ஆழமான குழலின் அடியில் தேன் வைத்திருக்கும் பூவால் அவற்றுக்குப் பயனில்லை. அவை தேடி வருவது மகரந்தத்தையும், சதைப்பற்றுள்ள இதழையும், இரவைக் கழிக்கவும் இணை சேரவும் ஏற்ற மூடிய இடத்தையும், சில சமயம் முட்டையிட ஏற்ற அழுகல் பொருளையும்தான். வந்த விருந்தாளி பந்தியோடு பந்தலையும் தின்றுவிடக் கூடியவர் என்பதால், வண்டுக்கான பூக்கள் அதற்கேற்ற முன்னெச்சரிக்கையுடன் அமைந்துள்ளன. இதழ்கள் தடித்துத் தோல் போல இருக்கும். மகரந்தத்தாள்கள், அதாவது மகரந்தத்தைச் சுமக்கும் ஆண் உறுப்புகள், சில கடிபட்டாலும் குறையாதபடி எண்ணிக்கையில் மிகுந்திருக்கும். விதையாக வேண்டிய சூல்கள் தாடைக்கு எட்டாதபடி நெருக்கமாக அடுக்கப்பட்டோ பூத்தளத்துக்குள் புதைந்தோ இருக்கும். பூத்தளம் என்பது பூவின் உறுப்புகள் அனைத்தும் பொருந்தியிருக்கும் காம்பின் நுனிப்பகுதி. தாமரையில் அது கூம்பைக் கவிழ்த்தது போல் பருத்துச் சூல்களைத் தனித்தனிக் குழிகளில் வைத்துக் காப்பதை எவரும் பார்க்கலாம்.

இந்த உறவு பழையது. வடக்கு மியான்மரில் கிடைத்த, ஏறத்தாழ 9.9 கோடி ஆண்டுகள் பழமையான அம்பர் எனப்படும் மரப்பிசின் கட்டி ஒன்றுக்குள், உடலில் பூந்துகள் ஒட்டிய வண்டு ஒன்று அகப்பட்டிருந்தது 2019-இல் அறிவிக்கப்பட்டது. அந்த வண்டும் பூந்துகளோடு சேர்ந்தே கல்லாகிப் போனது நம்முடைய நல்லூழ். அதன் நல்லூழ் அல்ல.

மணம்: தொலைவிலிருந்து வரும் அழைப்பு

பெரும்பாலான வண்டுப் பூக்களில் முதல் அழைப்பு மணமே. வண்டின் தலையில் உள்ள உணர்கொம்புகள் இரண்டும் அதன் மூக்கு. புளித்த பழங்களை நாடும் சாறுண்ணி வண்டில் கொம்பின் நுனி மூன்று கணுக்கள் சேர்ந்த குமிழாகப் பருத்திருக்கும். சாண வண்டின் குடும்பத்தில் அது விசிறி போல மடல்மடலாக விரியும். இரண்டின் நோக்கமும் மணத்துகள் படிவதற்கான பரப்பைக் கூட்டுவதுதான். மணத்தை உணர்ந்த வண்டு காற்றை எதிர்த்து, இடமும் வலமுமாக வளைந்து வளைந்து பறந்து, மணம் அறுந்த இடத்தில் திரும்பித் தேடி, மறுபடியும் அந்த மணப்பாதையில் சேர்ந்துகொண்டு மூலத்தை அடைகிறது. தோட்டத்தில் ஒரே மரத்தில், காற்று கடந்து வெளியேறும் பக்கத்துப் பூக்களில் மட்டும் வண்டு மிகுந்திருந்தால் வியப்படைய வேண்டியதில்லை.

மணத்தின் வகைகள் பல என்றாலும், தோட்டக்காரர் மூன்றை மூக்கால் பிரித்தறிந்தால் போதும். முதலாவது பழ மணம். மனோரஞ்சிதத்தை எடுத்துக்கொண்டால், மனத்தில் எந்தப் பழத்தை நினைக்கிறோமோ அந்தப் பழத்தின் வாசனை அதில் வரும் என்று ஊர்ப்புறங்களில் சொல்வதுண்டு. அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது: பழுத்த பழங்களின் மணத்துக்குக் காரணமான எஸ்டர்கள் என்ற எளிதில் ஆவியாகும் சேர்மங்கள்தான் இவ்வகைப் பூக்களின் மணத்திலும் முன்நிற்கின்றன. பச்சையாக இலைகளுக்குள் மறைந்திருக்கும் மனோரஞ்சிதப் பூ மணப்பதில்லை. முதிர்ந்து மஞ்சளாகும்போதுதான் தெருவையே நிறைக்கிறது. புளித்த பழத்தில் வாழும் சிறு வண்டுக்கு அது பூவென்று தெரிய வேண்டிய தேவையும் இல்லை. உணவு கிடைக்கும் இடம் என்று தோன்றினால் போதும்.

இரண்டாவது அழுகல் நாற்றம். சேனைக்கிழங்கை அறுவடை செய்யாமல் நிலத்தில் விட்டுவைத்தால், இலைக்கு முன்னே கருஞ்சிவப்பு நிறத்தில் அகன்ற பாளையொன்று தரையை ஒட்டி விரியும். பாளை என்பது பூக்கதிரைச் சூழும் பெரிய மடல். அதன் நடுவில் நிற்கும் கதிரின் அடியில் பெண் பூக்களும், அவற்றுக்கு மேல் ஆண் பூக்களும், உச்சியில் மூளை போலச் சுருண்ட பருத்த குமிழும் இருக்கும். அந்தக் குமிழிலிருந்து எழும் கந்தகம் கலந்த சேர்மங்கள் செத்த எலியை நினைவூட்டுவதால், பலர் பூவைத் தேடாமல் எலியைத் தேடுவார்கள். பிணந்தின்னி வண்டுகளும் அதே தவற்றைச் செய்கின்றன. செடிக்கு வேண்டியதும் அதுதான். இதன் உறவான சுமத்திராவின் பெருஞ்சேனையை இத்தாலிய இயற்கையாளர் ஒடோவார்டோ பெக்காரி 1878-இல் கண்டறிந்தார். அதன் பூக்கதிர் 3 மீட்டர் வரை உயரக்கூடியது, உத்தியோ அதேதான்.

மூன்றாவது, அந்தியிலும் இரவிலும் எழும் இனிய மணம். ஜாதிக்காய் மரத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனி. அவற்றின் வெளிர்மஞ்சள் நிறச் சிறுமணிப் பூக்கள் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. தென்னிந்தியத் தோட்டங்களில் நடந்து 1986-இல் வெளியான ஆய்வு, எறும்பைப் போலத் தோன்றும் ஒரு சிறு வண்டு இரவில் வந்து அவற்றுக்கு மகரந்தம் சேர்க்கிறது என்று காட்டியது. பெண் மரங்கள் 10-க்கு ஓர் ஆண் மரம் என்று நடும் வழக்கம் இந்தப் பூச்சி இரு மரங்களுக்கும் இடையே நடமாடும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ஆண் மரங்களை எல்லாம் வேலியோரத்தில் ஒதுக்கி வைத்தால் அந்தக் கணக்கு பொய்க்கும்.

எண்ணெய்ப்பனையில் மணம் இன்னும் நுட்பமாகப் பயன்படுகிறது. அதன் தாயகமான மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு கூன்வண்டு ஆண் பாளையில் உண்டு, முட்டையிட்டு, அங்கேயே பெருகுகிறது. பெண் பாளை ஆண் பாளையைப் போன்ற சோம்பு மணத்தை வீசி அந்த வண்டை இழுக்கிறது, ஆனால் கொடுப்பது எதுவும் இல்லை. ஏமாந்து வந்த வண்டின் உடம்பிலுள்ள தூள் ஒட்டிக்கொண்டால் பெண் பாளையின் காரியம் முடிந்தது. மலேசியாவில் எண்ணெய்ப்பனையை வளர்த்தவர்கள் பல ஆண்டுகள் கூலியாட்களை வைத்துக் கையால் மகரந்தம் தூவிக்கொண்டிருந்தனர். 1981-இல் இந்தக் கூன்வண்டு கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்ட பின் அந்த வேலை தேவையற்றதாயிற்று.

வெப்பம்

மணத்தைத் தொலைவுக்கு அனுப்ப அதை ஆவியாக்க வேண்டும். அதற்காகச் சில மலர்கள் தம் உடலையே சூடாக்கிக்கொள்கின்றன. சேமித்த மாவுச்சத்தையோ கொழுப்பையோ வேகமாக எரித்து வெப்பமாக வெளியிடும் இந்தத் திறன் தாமரையில் தெளிவாக அளக்கப்பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு தாவரவியல் பூங்காவில் நடந்து 1996-இல் வெளியான ஆய்வின்படி, சுற்றுப்புறக் காற்று 10 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்தபோதும் தாமரையின் பூத்தளம் 30 முதல் 36 டிகிரிக்குள் நின்றது. குளிர் மிகும்போது எரிப்பைக் கூட்டியும் வெயில் ஏறும்போது குறைத்தும் பூ தன் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொண்டது. குளிரில் பறக்க வலுவிழக்கும் வண்டுக்கு வெதுவெதுப்பான அறை ஒரு கூலி. மணம் தடையின்றி எழுவது பூவுக்கு ஆதாயம். தாமரைக்கு இன்று தேனீயும் ஈயும் மிகுதியாக வருகின்றன என்றாலும், தடித்த இதழ், எண்ணற்ற மகரந்தத்தாள்கள், புதைந்த சூல்கள், இரவில் குவியும் அறை என்ற அதன் அமைப்பு முழுவதும் வண்டுக்குக் கட்டிய வீடாகவே தெரிகிறது.

தோற்றம்: அருகில் வந்தபின்

வண்டின் கூட்டுக்கண் பல நூறு சிறு கண்களால் ஆனது. அது தரும் படத்தில் நுணுக்கம் குறைவு, ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடும் நிறத்திட்டும் மட்டும் எடுபடும். எனவே மணத்தைத் தொடர்ந்து வந்த வண்டு இறங்கும் இடத்தைத் தேரும்போதுதான் பெரும்பாலான பூக்களில் தோற்றம் வேலை செய்கிறது. அந்திப் பூக்கள் வெளுப்பாக இருப்பதும், பல வண்டுப் பூக்களின் உட்புறத்தில் கருஞ்சிவப்பான கறை இருப்பதும் இதனால்தான் என்று கருத இடமுண்டு: வெளுப்பு பூவைக் காட்டுகிறது, கறை நுழைவாயிலைக் காட்டுகிறது.

மணமும் தோற்றமும் இணையும் விதத்தை அமேசான் ஆற்றின் விக்டோரியா அல்லியில் காணலாம். பிரேசிலின் மனாஸ் நகரை ஒட்டிய நீர்நிலைகளில் கில்லியன் பிரான்சும் உடன் ஆய்வாளரும் செய்து 1975-இல் வெளியிட்ட ஆய்வு இந்த நிகழ்வை விரிவாகப் பதிந்திருக்கிறது. முதல் நாள் அந்தியில் பூ வெண்மையாக விரிந்து, பழ மணம் வீசி, சுற்றுப்புறத்தைவிடச் சுமார் 10 டிகிரி சூடேறி நிற்கிறது. மணத்தில் வந்த வண்டுகள் வெள்ளையைக் கண்டு உள்ளே இறங்கியதும் பூ குவிந்து அவற்றை இரவு முழுதும் அடைத்து வைக்கிறது. மறுநாள் மாலை அதே பூ மணமிழந்து, இளஞ்சிவப்பாக மாறித் திறக்க, மகரந்தம் பூசிய வண்டுகள் வெளியேறி, அன்று புதிதாக விரிந்த வெள்ளைப் பூவைத் தேடிப் போகின்றன. நிறமாற்றம் இங்கே அலங்காரம் அன்று. கதவில் மாட்டிய ‘இடமில்லை’ என்ற பலகை.

மணமே இல்லாமல் தோற்றத்தால் மட்டும் வண்டை அழைக்கும் பூக்களும் உண்டு. மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் வசந்தத்தில் பூக்கும் அனிமோன், துலிப், கசகசா இனப் பாப்பி ஆகியவை குடும்பத்தால் வேறுபட்டவை. ஆனாலும் எல்லாம் ஒரே வார்ப்பில் ஊற்றியது போலக் கிண்ண வடிவமும் சிவப்பு நிறமும் கொண்டவை, பலவற்றில் நடுவே கறுப்புத் திட்டும் உண்டு. அமோட்ஸ் டாஃப்னியும் குழுவினரும் இஸ்ரேலில் மணமற்ற பிளாஸ்டிக் கிண்ணங்களைப் பல நிறங்களில் வைத்துப் பார்த்தபோது, ரோமம் அடர்ந்த ஒரு வகை வண்டு சிவப்புக் கிண்ணத்தையே நாடியதை 1990-இல் வெளியிட்டனர். தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு சரிவர எட்டாது. இந்த வண்டின் கண்ணிலோ சிவப்புக்கென்றே தனி ஒளியுணர் செல்கள் இருப்பது பின்னர் உறுதியானது. ஆகவே ‘வண்டுப் பூ என்றால் மங்கலான நிறமும் பலத்த மணமும்’ என்று பாடநூல்கள் தரும் இலக்கணம் பாதிதான் சரி.

சீத்தாப் பூவை அருகில் பார்த்தல்

தமிழ்நாட்டுத் தோட்டத்தில் இவை அனைத்தையும் ஒரே இடத்தில் காட்டும் பூ சீத்தாவினுடையது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த இம்மரத்தின் பூ, கிளையில் தலைகீழாகத் தொங்கும். ஏறத்தாழ ஓர் அங்குல நீளமுள்ள மூன்று தடித்த இதழ்கள் ஒன்றோடொன்று பொருந்தி முப்பட்டை மொட்டு போல நிற்கும். வெளிப்புறம் இலையின் பச்சை என்பதால் மரத்தடியில் நிற்பவருக்கும் பூத்திருப்பது உடனே தெரியாது. ஓர் இதழை மெல்ல விலக்கினால் உள்ளே வெளிர்மஞ்சள் நிறமும், அடியில் செந்நீலக் கறையும், நடுவில் சிறு கூம்பாகக் குவிந்த சூலிலைகளும், அவற்றைச் சூழ்ந்து நெருங்கிய மகரந்தத்தாள்களும் தெரியும். சூலிலை என்பது ஒரு விதையைக் கருக்கொள்ளும் பெண் அலகு. பழத்தின் மேல் தெரியும் ஒவ்வொரு கண்ணும் இப்படிப்பட்ட ஒரு சூலிலையிலிருந்து வருவது. எனவே மகரந்தம் எட்டாத பக்கத்தில் கண் வளராது. ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் சூம்பிய பழம் நோயின் அடையாளம் அன்று, பெரும்பாலும் வண்டு குறைந்ததன் அடையாளம்.

இந்தப் பூவில் பெண்மை முந்தும், ஆண்மை பிந்தும். தாவரவியலில் இதற்குப் பெண்முன் முதிர்வு என்று பெயர். பெண் நிலையில் இதழ்களின் நுனி சற்றே விலகி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள சாறுண்ணி வண்டு நுழையும் அளவுக்கு இடுக்கு விடும். தேனீயால் அதற்குள் புக முடியாது. அப்போது சூல்முடிகள், அதாவது மகரந்தத்தை ஏற்கும் நுனிகள், தேன் தடவியது போல ஈரப்பசையுடன் மின்னும், பழ மணம் எழும். பின்னர் ஆண் நிலையில் சூல்முடி உலர்ந்து, இதழ்கள் அகல விரிந்து, மகரந்தத்தாள்கள் தளர்ந்து உதிரத் தொடங்கும். ஒரே பூவில் இரு நிலைகளும் சந்திப்பதில்லை என்பதால், ஆண் நிலைப் பூவில் புரண்ட வண்டு வேறொரு பெண் நிலைப் பூவுக்குப் போனால்தான் காய். காற்று வறண்ட கோடையில் சூல்முடி விரைவில் காய்ந்துவிடுவதால் முதல் பூக்கள் பெரும்பாலும் உதிர்ந்து, மழை தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறியபின் காய்ப்பு கூடுவதை விவசாயிகள் நன்கு அறிவார்கள்.

தோட்டத்தில் செய்யத்தக்கவை

பூவில் வண்டைக் கண்டதும் அதை மகரந்தச் சேர்க்கையாளர் என்று முடிவு செய்துவிடக் கூடாது. துவரை, வெண்டைப் பூக்களில் கறுப்பும் செம்மஞ்சளும் பட்டைபட்டையாக உட்கார்ந்திருக்கும் கொப்புள வண்டு பூவைத் தின்ன வந்தது. அதன் உடற்சாறு தோலில் பட்டால் கொப்புளம் எழும் என்பதால் வெறுங்கையால் பிடிக்கவும் கூடாது. மகரந்தத்தைச் சேர்க்கும் வண்டின் உடலில் தூள் ஒட்டியிருக்க வேண்டும், அது சூல்முடியைத் தொட வேண்டும், ஒரு பூவிலிருந்து அதே இனத்தின் மற்றொரு பூவுக்குப் போக வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சும் பொறுமையும் இருந்தால் மூன்றையும் பார்த்துவிடலாம்.

அழைப்பது மணமா தோற்றமா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒரே கிளையில் ஒரே நிலையிலுள்ள சில பூக்களுக்கு மல் துணியில் தளர்வான பை போட்டு, மணம் வெளியேறியும் பூ தெரியாமலும் இருக்கச் செய்யலாம். வேறு சிலவற்றைத் தெளிந்த கண்ணாடிக் குப்பியால் மூடி, பூ தெரிந்தும் மணம் வெளியேறாமல் தடுக்கலாம். மீதியைத் திறந்தே விடலாம். அந்தியிலிருந்து இரவு வரை துணியின் மேலும் குப்பியின் மேலும் வந்து அமரும் வண்டுகளை எண்ணினால் விடை கிடைக்கும். வெயில் நேரத்தில் குப்பி சூடேறிப் பூவைக் கருக்கிவிடும்; ஆகவே இந்தச் சோதனை பகலுக்கு ஏற்றதன்று.

தேனீயைக் காக்க மாலையில் மருந்தடிக்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை. தேனீக்கு அது நல்லதுதான். அந்தியில் பூவுக்குள் புகும் வண்டுக்கோ அதுவே கேடு. சீத்தாவிலும் ஜாதிக்காயிலும் பூக்கும் பருவம் முடியும் வரை பூச்சிக்கொல்லியைத் தவிர்ப்பதே சரி; தவிர்க்க முடியாதபோது பூவில்லாத கிளைகளோடு நிறுத்திக்கொள்ளலாம். மரத்தடியைத் துடைத்து வைத்த முற்றம் போலச் சுத்தமாக வைப்பதும் சாறுண்ணி வண்டுக்கு உதவாது. இலைச்சருகும் உதிர்ந்த பழமும்தான் அதன் பிறப்பிடம். இஸ்ரேலிலும் புளோரிடாவிலும் சீத்தா இனத் தோட்டங்களில் புளித்த பழங்களை வைத்து இவ்வண்டுகளை வரவழைத்திருக்கிறார்கள். இதைச் செய்வோர் பூக்கும் காலத்தில் மட்டும் வைத்து, காய் திரளத் தொடங்கியதும் அகற்றிவிட வேண்டும். இல்லையேல் அதே பழக்குவியல் பழ ஈயை வளர்க்கும், வண்டுகளும் வெடித்த பழத்துக்குள் புகுந்துவிடும்.

வண்டு போதாத தோட்டத்தில் கை அதன் வேலையைச் செய்யலாம். இதழ் விரிந்து மகரந்தத்தாள் உதிரும் நிலைப் பூக்களை ஒரு சிறு கிண்ணத்தில் தட்டி, கிடைக்கும் தூளை ஓவியத் தூரிகையின் மென்மையான நுனியில் எடுத்து, சூல்முடி மின்னும் பெண் நிலைப் பூவின் கூம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் படுமாறு தடவ வேண்டும். பூ இந்த நிலைகளை எட்டும் நேரம் இரகத்தையும் ஊரின் ஈரப்பதத்தையும் பொறுத்து மாறுவதால், கடிகாரத்தை நம்பாமல் பூவையே பார்த்து முடிவு செய்ய வேண்டும். தூள் விரைவில் உயிர்ப்பை இழந்துவிடும். சேர்த்த அன்றே, வெயில் ஏறுமுன் பயன்படுத்துவது நல்லது. தடவிய பூவின் காம்பில் வண்ண நூல் ஒன்றைக் கட்டி, பக்கத்திலேயே சில பூக்களைத் தொடாமல் விட வேண்டும். சில நாட்களில் நூல் கட்டிய காம்பு பச்சையாகத் தடித்து நிற்க, தொடாதது மஞ்சளாகி உதிர்ந்தால், அந்தத் தோட்டத்துக்குக் குறைவது உரமோ நீரோ அல்ல, வண்டு.